பின்சீட்டில் பேச்சு, முன்சீட்டில் பஞ்சு

பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் வீட்டில் ரகசியம் பேச இடம் கிடையாது. முன்னால் ஒரு ஹால், பின்னால் ஒரு சமையலறை, அவ்வளவுதான் வீடு. ஹாலில் மாமனார் இருப்பார். சமையலறையில் மாமியார் இருப்பார். கல்யாணமாகி வந்த புதிதில் நானும் என் கணவரும் தனியாக ஏதாவது பேச வேண்டுமென்றால் வெளியே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நிற்போம். அங்கே பக்கத்து வீட்டு அக்கா துணி துவைத்துக்கொண்டிருப்பார். நாங்கள் பேச ஆரம்பித்தால் அவர் துணியை அடிப்பதை நிறுத்திவிட்டு மெதுவாகக் கசக்குவார்.

இது போதாதென்று மாமனாருக்குக் காது மந்தம். அரசாங்கத் தொழிற்சாலையொன்றில் இரும்புத் தகடு அடிக்கிற பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். இட்லியா உப்புமாவா என்று நான் அவரைக் கேட்டால், எதிர் வீட்டுக் குழந்தைகள் இட்லி என்று பதில் சொல்லும். தெருவில் அவருக்கு டமாரம் என்று பட்டப்பெயர். அது அவர் காதில் விழாது என்பதால் யாரும் அவர் எதிரில் சொல்லக்கூடத் தயங்கமாட்டார்கள். ஆனால் என் கணவர் காதில் விழும். பள்ளிக்கூடத்தில் அவரை 'டமாரம் பையன்' என்றுதான் கூப்பிடுவார்களாம். அதை அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் சிரிப்பு வாயோடு நின்றுவிடும்.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்தது. சர்க்யூட் போர்டுகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து ஈயப் பற்றுவைப்பில் பிழை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. தலைமுடியளவு விரிசலைக்கூடக் கண்டுபிடித்துவிடுவேன் என்று என் மேலதிகாரி மற்றவர்களிடம் பெருமையாகச் சொல்வார். என் கணவர் அதற்கும் அப்பால் பொம்மசந்திராவில், வாகன உதிரி பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அவர் தன் மோட்டார் சைக்கிளில் என்னை இறக்கிவிட்டுப் போவார், சாயங்காலம் வந்து ஏற்றிக்கொள்வார்.

இதனால் எங்கள் குடும்ப வாழ்க்கையே ஓசூர் ரோட்டுக்கு இடம் மாறியது. ஆடுகோடி தாண்டும்வரை வீட்டுச் சமாச்சாரம் பேசுவேன். மடிவாளாவில் ஆபீஸ் கதை தொடங்கும். சில்க் போர்டு தாண்டியதும் லாரிகள் கூடும், சத்தம் கூடும், நானும் குரலைக் கூட்டி முக்கியமான விஷயங்களுக்கு வருவேன். என் மாமியாரைப் பற்றிய புகார்களைப் பொம்மனஹள்ளிக்கு அப்புறம்தான் எடுப்பேன். அவ்வளவு தூரம் வந்துவிட்டால் அவருக்குத் தெரிந்தவர்கள் யார் காதிலும் விழாது என்ற தைரியம்.

ஆரம்பத்தில் அவர் பொறுமையாகக் கேட்பவர் இல்லை. எதைச் சொன்னாலும் எதிர்ப்பேச்சு. ஜன்னலுக்கு ஒரு திரை வாங்கலாம் என்று சொன்னதற்காக ஒருமுறை வண்டியை ஓரம்கட்டி, ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றிவிட்டு, திரை எதற்கு என்று என்னோடு வாதாடியவர். பஸ்ஸில் நின்றிருந்தவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்தார்கள்.

ஒரு தீபாவளிக்குச் சற்று முன்னால் அவர் மாறினார். எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுவதை விட்டுவிட்டார். நான் பேசி முடித்து, வழக்கம்போல் அவர் தோளில் தட்டுவேன். ஹெல்மெட் ஒருமுறை மேலும் கீழும் ஆடும். அவ்வளவுதான். திரை வாங்கலாமா என்று கேட்டேன், ஆடியது. என் அம்மாவை வரவழைத்துக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், அதற்கும் ஆடியது. சிக்னலில் நிற்கும்போது மட்டும் 'ம்' என்று ஒரு சத்தமும் சேர்ந்து வரும்.

நான் பூரித்துப் போனேன். வயது ஏற ஏற மனிதருக்குப் பக்குவம் வருகிறது என்று நினைத்தேன். ஆபீசில் என் பக்கத்து மேஜையில் ஒரு கன்னடக்காரத் தோழி இருந்தாள், சந்தாபுராவிலிருந்து வருபவள். அவளிடம் என் வீட்டுக்காரர் தங்கமாக மாறிவிட்டார் என்று சொன்னேன். அவள் பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "கண்டஸ்ரு சும்சும்னே ஒள்ளேவ்ராகல்ல" என்றாள். ஆண்கள் காரணமில்லாமல் நல்லவர்களாக ஆகமாட்டார்கள் என்று அர்த்தம். சட்டைப் பையைச் சோதித்துப் பார்க்கச் சொன்னாள்.

பார்த்தேன். ஒரு பஸ் டிக்கெட், ஒரு சீப்பு, ஆரஞ்சு நிறத்தில் சுண்டுவிரல் நுனியளவு இரண்டு பஞ்சுத் துண்டுகள். ஸ்டோர்ஸில் இருப்பவர் சட்டையில் பார்சல் பஞ்சு ஒட்டிக்கொண்டு வருவது சகஜம்தானே. குப்பையில் போட்டுவிட்டு நிம்மதியாகச் சட்டையைத் துவைத்தேன். மறுநாள் காலை அவர் அந்தச் சட்டையை வெகுநேரம் உதறிக்கொண்டிருந்தார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார்.

பக்குவப்பட்ட கணவர் கிடைத்தால் சும்மா விட முடியுமா. முடியைத் தோள்வரைக்கும் வெட்டிக்கொள்ளட்டுமா என்று ஒரு நாள் கேட்டேன். ஹெல்மெட் ஆடியது. வெட்டிக்கொண்டு வந்து நின்றபோது வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்.

"முடி..." என்றார்.

"நான்தான் வண்டில வரும்போது சொன்னேனே. நீங்களும் தலையாட்டினீங்க."

"ஆமா ஆமா. நல்லாதான் கீது," என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

ஆபீஸ் பெண்களோடு மைசூர் போன அன்று காலையும் அப்படித்தான். நான் பையோடு வாசலுக்கு வந்ததும், எங்கே என்று கேட்க ஆரம்பித்தவர் பாதியில் அந்தக் கேள்வியை விழுங்கிவிட்டு, பத்திரமாகப் போய்வரச் சொன்னார். எனக்கு அதெல்லாம் சந்தேகமாகவே படவில்லை. கேட்டதெல்லாம் கிடைக்கும்போது யாருக்குச் சந்தேகம் வரும்.

அப்புறம்தான் சந்தாபுரா வீடு வந்தது. என் தோழியின் சொந்தக்கார அம்மாள் ஒருவர், மாடி போர்ஷனை வாடகைக்கு விடப் போவதாகச் செய்தி. இரண்டு அறை, தனிச் சமையலறை, கதவைச் சாத்தினால் சாத்தினதுதான். என் கணவருக்கும் எனக்கும் வேலைக்குக் கிட்டே. சில்க் போர்டில் ஆரம்பித்து கூட்லு கேட்வரைக்கும் விடாமல் சொன்னேன். மாமாவும் அத்தையும் நீலசந்திராவிலேயே இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ப் பார்க்கலாம் என்று சொன்னேன். தோளைத் தட்டினேன். ஆடியது. நம்ப முடியாமல் இன்னொரு முறை தட்டி, நிஜமாகவா என்று கேட்டேன். மறுபடியும் ஆடியது. வீட்டில் நானே சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். இந்த முறை தலையாட்டியதோடு நிற்காமல் இடது கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காற்றில் வந்தது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை எனக்கு அரைநாள். பஸ்ஸில் முன்னாலேயே வந்துவிட்டேன். அத்தை தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாக விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தோசையைத் திருப்பிப் போட்டார்.

"அவன் ஒத்துக்கினானா?" என்று கேட்டார்.

"ஒத்துக்கினாரு அத்தை. ரெண்டு வாட்டி கேட்டேன்."

"அப்ப உங்க மாமாகிட்ட நீயே சொல்லிடு. எனக்குத் தொண்டை நோவுது."

மாமாவிடம் சொல்வதென்றால் தெருவிடம் சொல்வதென்று அர்த்தம். முதலில் சன்னமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் தோசைக்குச் சட்னி போதும் என்றார். வேறு வழியில்லாமல் மூச்சை இழுத்து, நாங்கள் சந்தாபுராவுக்குத் தனியாகக் குடிபோகிறோம் என்று கத்தினேன். எதிர் வீட்டு டி.வி.யின் சத்தம் குறைந்தது. அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்து, எந்த ஊருக்கு என்று கேட்டார். மறுபடி கத்தினேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அக்காவின் குரல் எனக்கு உதவிக்கு வந்தது. "சந்தாபுராவாம், பெரியப்பா," என்று அவரும் கத்தினார்.

என் கணவர் அன்று சாயங்காலம் தெருவுக்குள் நுழைந்ததை நான் பார்க்கவில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். இஸ்திரி வண்டிக்காரர் அவரை நிறுத்தி, துணியெல்லாம் இனிமேல் அங்கேதானா என்று வருத்தப்பட்டிருக்கிறார். மளிகைக் கடைக்காரர் வாசலுக்கே வந்து கைகொடுத்திருக்கிறார். எதற்கு என்று புரியாமல் என் கணவரும் கையைக் கொடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, அப்பா அம்மாவை விட்டுப் போக உனக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டபோதுதான் அவருக்கு ஒருவழியாக விஷயம் புரிந்திருக்கிறது.

வீட்டுக்குள் வந்தார். கையில் ஹெல்மெட். முகத்தில் ரத்தமே இல்லை.

"சந்தாபுராவாமே," என்றார் அத்தை.

அவர் என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். இவ்வளவு நல்ல கணவரைப் பார்த்து வேறென்ன செய்வது. அவர் செம்பை எடுத்துத் தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு, "ஆமாம்மா. போறோம்," என்றார். பிறகு மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்கக் கிளம்பினோம். வண்டியைத் திருப்பி நிறுத்துகிறேன் என்று அவர் எப்போதும்போல் முன்னாலேயே தெருமுனைக்குப் போய்விட்டார். நான் போனபோது ஹெல்மெட் மாட்டித் தயாராக இருந்தார். போகிற வழியெல்லாம் எந்த அறையில் என்ன வைப்பது என்று சொல்லிக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

பொம்மசந்திரா கிட்டே மழை பிடித்துக்கொண்டது. சாலையோர டீக்கடையின் தகரக் கூரைக்குக் கீழே ஓடி நின்றோம். தலையில் தண்ணீர் சொட்டியதால் அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அப்போது பார்த்தேன். காதுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ எட்டிப் பார்த்தது. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். அந்தக் காதிலும்.

"இன்னாங்க இது காதுல?" என்றேன்.

அவர் தலையாட்டினார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கையை நீட்டி ஒன்றைப் பிடுங்கினேன். அவர் குதித்துவிட்டார். என் உள்ளங்கையில் இருந்த அந்தப் பஞ்சு நசுங்கியிருந்து, மெல்ல மெல்ல ஒரு புழுவைப் போல நிமிர்ந்தது. நான் குப்பையில் போட்டது மாதிரியே பஞ்சு.

"எப்போலேந்து?"

"தீபாவளிக்கு முன்ன இருந்து," என்றார்.

டீ ஆறிப்போக, மழையின் சத்தத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். தொழிற்சாலையில் எல்லோருக்கும் உடம்பு சோதிக்கிறபோது காதையும் சோதித்திருக்கிறார்கள். கீச்சுக் குரல்கள், பறவைச் சத்தம் போன்ற மெல்லிய ஒலிகள் அவருக்குக் குறைய ஆரம்பித்திருந்தன. ராத்திரி படுத்தால் காதுக்குள் ஒரு விசில் ஊதுவது ஏன் என்றும் அப்போதுதான் தெரிந்தது. ஸ்டோர்ஸில் சத்தமே இல்லையே என்று டாக்டர் யோசித்து, எப்படி வேலைக்கு வருகிறாய் என்று கேட்டிருக்கிறார். லாரி ஹாரனை விட, ஹெல்மெட்டைச் சுற்றி அடிக்கிற காற்றின் இரைச்சல்தான் தினமும் காதைத் தின்கிறது என்று சொல்லி, இயந்திரப் பிரிவில் இருப்பவர்களுக்குக் கொடுக்கிற காதடைப்புப் பஞ்சில் இரண்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார். போட்டுக்கொண்டால் ஹாரன் கேட்கும், பிரேக் கேட்கும், காற்று மட்டும் அடங்கிவிடும்.

"என் பேச்சு?"

"அது காத்தோட போயிடும்," என்றார் தலைகுனிந்து.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். வீட்டில் சொன்னால் அப்பாவுக்குத் தெரியவேண்டும், அப்பாவுக்குத் தெரியவேண்டுமென்றால் கத்த வேண்டும், கத்தினால் தெருவுக்குத் தெரியும். சின்ன டமாரம் என்று பேர் வைப்பார்கள். இதைச் சொல்லும்போது அவர் சிரிக்க முயலவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதற்குப் பின்னாலேயே வேறொரு கணக்கு ஓட ஆரம்பித்தது. மைசூர் போவதைச் சொன்னது கேட்டதா என்றேன். கேட்கவில்லை. முடி வெட்டியது? கேட்கவில்லை. கட்டைவிரல் எதற்கு? பெட்ரோல் இருக்கிறதா என்று கேட்கிறேன் என நினைத்தாராம். அப்படியே பின்னோக்கிப் போனபோது பொம்மனஹள்ளிக்கு அப்புறம் நான் பேசியதெல்லாம் ஞாபகம் வந்தது. அத்தையின் சாம்பார், அத்தையின் பெண் வீட்டுப் பெருமை, அத்தை நடக்கிற மாதிரி நான் சீட்டிலேயே அசைந்து காட்டியது.

"உங்க அம்மாவப் பத்தி சொன்னது?"

"கேக்கலியே. இன்னா சொன்னே?"

"ஒண்ணுமில்ல," என்றேன். பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது.

ஒன்றும் தெரியாமல் எதற்கு ஆமாம், போகிறோம் என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். இல்லை என்று சொன்னால் ஏன் தலையாட்டினீர்கள் என்று நான் கேட்பேன், அதற்குப் பதில் இந்தப் பஞ்சுதான், அதைச் சொல்வதைவிட வீடு மாறுவதே சுலபம் என்று தோன்றியதாம். இன்று காலையிலாவது கழற்றிவிட்டு வந்திருக்கலாமே என்றேன். "கழட்டினா நீ சொல்றது கேக்கும். கேட்டா பதில் சொல்லணும்," என்றார். டீக்கடைக்காரர் எங்களைப் பார்க்காதது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

மழை விட்டது. திரும்பிவிடலாமா என்று கேட்டேன். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, பார்த்துவிட்டுப் போகலாம் என்றார்.

வீடு நன்றாகத்தான் இருந்தது. வெளிச்சம், காற்று, கதவு. வீட்டுக்கார அம்மாள் ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டிக்கொண்டிருந்தபோது, ஜன்னலுக்கு நேர் கீழே பேண்டு வாத்தியம் வெடித்தது. பக்கத்தில் இருந்தது கல்யாண மண்டபம். நாங்கள் அதைக் கவனிக்கவில்லை. ஒலிபெருக்கி எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தது. முகூர்த்த நாளில் மட்டும்தான் என்று அந்த அம்மாள் வாயசைத்தது எனக்குப் புரிந்தது.

என் கணவர் நிதானமாகப் பஞ்சை விரலில் உருட்டி மெல்லியதாக்கினார். ஒரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் எதிர்ப்பக்கக் காதை மேலே இழுத்துப் பிடித்தார். பஞ்சைச் செருகி, அது உப்பும்வரை விரலால் அழுத்தினார். இன்னொரு காதுக்கும் அதே மாதிரி. பிறகு அறையைச் சுற்றிப் பார்த்து, "எனக்கு வீடு புடிச்சிருக்கு," என்றார்.

நான் என் காதுகளைக் கையால் காட்டினேன். அவர் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு ஜோடியை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

அந்த வீட்டுக்கே குடிபோனோம். அத்தை அழுவார் என்று பயந்திருந்தேன். பாத்திரங்களை ஆட்டோவில் ஏற்றி முடிப்பதற்குள் அவர் ஹாலில் எங்கள் படுக்கை இருந்த மூலைக்குத் தையல் மிஷினை நகர்த்திவிட்டார். ரொம்ப நாளாக அந்த இடத்தின் மேல் கண் என்று அப்புறம் தெரிந்தது.

பின்சீட்டில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்காருவது முதலில் எனக்குக் கிணற்றுக்குள் இருப்பது மாதிரி இருந்தது. என் மூச்சு எனக்கே கேட்டது. விழுங்கினால் கேட்டது. ஆனால் சாயங்காலம் வருகிற தலைவலி நின்றது. அதுவரை அந்தத் தலைவலிக்கு நான் பூதக்கண்ணாடியைத் திட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த முறை சோதித்தபோது அவர் காது மேற்கொண்டு மோசமாகவில்லை என்று டாக்டர் சொன்னார். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள் என்றாராம்.

பேச வேண்டியதைப் பேசுவதற்கு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். காலையில் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பி, அந்தத் தகரக் கூரை டீக்கடையில் வண்டியை நிறுத்தி, காதைத் திறந்துவைத்துக்கொண்டு பேசுவது. எனக்கு நஷ்டம்தான். காது கேட்டதும் அவர் பழையபடி எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தார். திரை வாங்குகிற விஷயம் மட்டும் பல டீக்களுக்கு இழுத்தது.

ஒரு நாள் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. தம்ளரைப் பிடித்துக்கொண்டு லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மெல்ல ஆரம்பித்தார். ஸ்டோர்ஸில் புதிதாக வந்த அதிகாரி எல்லா அலமாரிகளையும் மாற்றி அடுக்கச் சொன்ன கதை. அதிலிருந்து எங்கோ போய், சின்ன வயதில் அவர் அப்பா அவரைத் தொழிற்சாலை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனது, உள்ளே கேட்ட சத்தத்துக்குப் பயந்து அவர் அழுதது, அப்பா தன் இரண்டு கைகளாலும் மகனின் காதுகளைப் பொத்திக்கொண்டு நின்றது. இதெல்லாம் எனக்குப் புதிது. இத்தனை காலம் முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்குப் பேச வாய்ப்பே வந்ததில்லை, பின்னால் இருந்த நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். அவர் இன்னும் சொல்லிக்கொண்டே இருந்தார். டீக்கடைக்காரர் கேட்காமலே இரண்டாவது டீயை வைத்துவிட்டுப் போனார். அன்று நான் ஆபீசுக்கு லேட்.